தகரக் கூரையில் பனித் தடுப்பான்: விலைப்பட்டியல் சொல்லாத கணக்கு

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான் நினைவுக்கு வரும். அதன் எடையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க், மினசோட்டா போன்ற வட மாநிலங்களிலும், அவற்றையடுத்த கனடாவிலும் நிலைமை வேறு. அங்கே குளிர்காலத்தில் பஞ்சுபோல் இறங்கும் வெண்பனி கூரைமீது வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோகிராம் எடையுள்ளது. சில நாள் படிந்து இறுகினால் அதே கனமீட்டர் 200 முதல் 300 கிலோகிராம் வரை ஆகும். ஈரமேறினால் இன்னும் கூடும். 60 செ.மீ. உயரத்துக்கு இறுகிய பனி, கனமீட்டருக்கு 250 கிலோகிராம் என்று கொண்டால், கூரையின் ஒவ்வொரு சதுரமீட்டர்மேலும் 150 கிலோகிராம் உட்கார்ந்திருக்கிறது. சதுரமீட்டருக்கு இரண்டு ஆட்கள் ஏறி நிற்பதற்கு இது ஒப்பாகும்.

கூரை ஓடாகவோ மரச்சில்லாகவோ இருந்தால் இந்தப் பனி பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு மெல்ல உருகும். வர்ணம் பூசிய எஃகுத் தகட்டில் அப்படி நிற்பதில்லை. கட்டடத்தின் உள்வெப்பமும் நண்பகல் வெயிலும் தகட்டைச் சூடாக்க, பனியின் அடிப்பாகம் உருகி மெல்லிய நீர்ப்படலமாகிறது. அந்த நிலையில் உராய்வு ஏறத்தாழ இல்லாமற் போகிறது. அடுத்த கணம் கூரையின் பனி முழுவதும் ஒரே பாளமாகச் சறுக்கி இறவாரத்தைத் தாண்டி விழும். இறவாரம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், பாளம் தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். கீழே நிற்பவர் மனிதரானாலும் மாடானாலும் மோட்டார் வண்டியானாலும் தப்புவது அரிது. இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு.

இதைத் தடுக்கக் கூரைமேல் பொருத்தும் சிறு சாதனமே பனித் தடுப்பான். இது புதிய எண்ணமன்று. ஆல்ப்ஸ் மலைவாழ் மக்கள் கூரைமேல் கற்களையும் மரக்கட்டைகளையும் கிடத்தினார்கள். ஜப்பானியர் தடுப்புடன் கூடிய தனி ஓடுகளையே வார்த்து, அவற்றுக்கு ‘யூகிதோமே’, அதாவது பனி நிறுத்தி, என்று பெயரிட்டார்கள். பென்சில்வேனியாவின் பழைய பலகைக்கல் கூரைகளில் வார்ப்பிரும்பாலான சிறு கழுகுகளை இன்றும் காணலாம். அழகுக்காக வைத்தவை போலத் தோன்றினாலும் அவையும் பனித் தடுப்பான்களே.

இன்று சந்தையில் இவை பலவகையாகக் கிடைக்கின்றன. அவற்றை விற்போர் வெளியிடும் விலைப்பட்டியல்களும், அவற்றைப் பின்பற்றி வழங்கும் அறிவுரைகளும் ஏராளம். அவற்றில் அடிக்கடி வரும் நான்கு கூற்றுகளை எடுத்துக்கொண்டு, பள்ளிப் பௌதிகத்தின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கூரைகளில் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். திருகாணிகள் வெளியே தெரியும்படி அறையப்பட்ட தகட்டுக் கூரை அது. தவறான தேர்வுக்கு அதிக இடம் கொடுப்பதும் அதுவே.

கூரையின் அமைப்பு

நெளி தகட்டுக்கு 1829-இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ராபின்சன் பாமர் என்ற எஞ்சினியர். தட்டையான மெல்லிய தகட்டை நெளித்தால் அது வளையாமல் விறைத்து நிற்கும் என்பதே அவர் பயன்படுத்திய உண்மை. இன்றைய அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளின் கூரைத் தகடும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வட்ட நெளிவுகளுக்குப் பதிலாக, பெரும்பாலும் 30 செ.மீ.க்கு ஒன்றாக ஏறத்தாழ 3 செ.மீ. உயரமுள்ள மேட்டு வரிகளும், அவற்றுக்கிடையே அகன்ற பள்ளங்களும் அதில் இருக்கும்.

தகட்டின் தடிப்பைக் ‘கேஜ்’ எண்ணால் குறிப்பர். எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். 26 கேஜ் தகடு ஏறத்தாழ 0.46 மி.மீ. தடிப்புள்ளது. விலை குறைந்த 29 கேஜ் தகடு 0.4 மி.மீ.க்கும் குறைவு.

இந்தத் தகட்டின் அடியில், கூரையின் நீளவாக்கில், மரச் சட்டங்களோ இசட் வடிவ எஃகுச் சட்டங்களோ ஓடும். இவற்றைப் பட்டறைக்காரர்கள் பர்லின் என்பர். தகட்டின் வழியாக இந்தப் பர்லினுக்குள் திருகாணிகள் இறங்குகின்றன. ஒவ்வொன்றின் தலைக்கடியிலும் ரப்பர் வாஷர் ஒன்று மழைநீரைத் தடுக்கிறது. ஆக, கூரையின் வலுவும் நீர்க்காப்பும் ஒரே திருகாணியைச் சார்ந்திருக்கின்றன. பனித் தடுப்பானைப் பொருத்தும்போது நாம் கைவைப்பது இந்த இடத்தில்தான்.

முதற் கூற்று: “ஒட்டினால் போதும், துளையிட வேண்டாம்”

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆன சிறு தடுப்பான்களைப் பசையால் ஒட்டும் முறை பலருக்குப் பிடித்திருக்கிறது. கூரையில் புதுத் துளை இல்லை, ஒழுகும் அச்சம் இல்லை, வேலையும் எளிது. ஆனால் பசை எதைப் பற்றிக்கொள்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அது எஃகைத் தொடுவதே இல்லை. தகட்டின் மேலுள்ள வர்ணத்தைத்தான் பற்றுகிறது. அந்த வர்ணப் படலத்தின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. பசை எவ்வளவு உயர்ந்ததானாலும், வர்ணத்துக்கும் தகட்டுக்கும் உள்ள பிடிப்பைவிட வலுவான பிடிப்பை அது தர முடியாது. உயர்தர வர்ணங்களில் சில, அழுக்கு ஒட்டக்கூடாது என்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. அழுக்கு ஒட்டாத பரப்பில் பசையும் எளிதில் ஒட்டாது.

அடுத்தது வெப்ப விரிவு. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயரும்போது எஃகு தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரிகிறது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் 65 முதல் 70 பங்கு வரை விரிகிறது. இது எஃகைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். இரவுக் குளிரிலும் பகல் வெயிலிலும் இவ்விரண்டும் வெவ்வேறு அளவில் நீண்டு சுருங்க, நடுவிலுள்ள பசை இருபுறமும் இழுபடுகிறது. இது ஒருநாள் வேலையன்று. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது.

பசை இறுகுவதற்கு மிதமான வெப்பமும் போதிய நாட்களும் வேண்டும். ஆனால் வீட்டுக்காரருக்குப் பனித் தடுப்பானின் நினைவு வருவது முதற்பனி விழுந்த பிறகுதான். அப்போது ஒட்டிய பசை இறுகுமுன்பே சுமை ஏறிவிடுகிறது. தாழ்வான, சிறிய கூரைகளில், கோடையிலேயே முறையாக ஒட்டப்பட்டவை பயன்படலாம். ஆட்கள் நடமாடும் பாதைக்கு மேலே இவற்றை நம்புவதை ஏற்பதற்கில்லை.

இரண்டாம் கூற்று: “ஒவ்வொன்றும் இத்தனை கிலோகிராம் தாங்கும்”

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் வருவது இந்த எண். இதைப் புரிந்துகொள்ள, தடுப்பான்மீது வரும் விசையை முதலில் கணக்கிடுவோம்.

2003-இல் வெளியான ஐரோப்பியப் பனிச்சுமை நெறியில் இதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. கூரைமேல் ஒரு சதுரமீட்டருக்கான பனிச்சுமை, தடுப்பானிலிருந்து கூரை முகடு வரையுள்ள கிடைத்தூரம், கூரைச் சாய்வின் சைன் மதிப்பு ஆகிய மூன்றையும் பெருக்கினால், தடுப்பு வரிசையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் வரும் விசை கிடைக்கும். பனிக்கும் கூரைக்கும் இடையே உராய்வு சுழி என்றே அந்நெறி கொள்கிறது. நீர்ப்படலத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால் இதன் நியாயம் விளங்கும்.

ஒரு கொட்டகை 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று கொள்வோம். முகட்டிலிருந்து இறவாரம் வரை கிடைத்தூரம் 5 மீட்டர். சாய்வு பன்னிரண்டுக்கு நான்கு, அதாவது 18.4 டிகிரி. அதன் சைன் மதிப்பு 0.316. பனிச்சுமை சதுரமீட்டருக்கு 150 கிலோகிராம்.

150 × 5 × 0.316 = 237

ஆக, இறவாரத்தின் ஒவ்வொரு மீட்டரிலும் 237 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. 12 மீட்டருக்கும் சேர்த்தால் ஏறத்தாழ 2,840 கிலோகிராம். கூரையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏறத்தாழ 2.8 டன்! சாய்வு 30 டிகிரியாக இருந்தால் இதே விசை 4.5 டன் ஆகிவிடும்.

மேட்டு வரிக்கு ஒன்றாக 40 தடுப்பான்கள் வைத்தால், ஒவ்வொன்றின் பங்கு 71 கிலோகிராம். இரு மடங்குப் பாதுகாப்பு வேண்டுமானால் ஒவ்வொன்றும் 142 கிலோகிராம் வரை தாங்க வேண்டும். செலவைக் குறைக்க ஒன்றுவிட்டு ஒன்றாக 20 வைத்தால் அது 284 ஆகும். “பார்வைக்குப் போதும்” என்று எண்ணி வைப்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இப்போது விலைப்பட்டியலின் எண்ணுக்கு வருவோம். அதில் 300 கிலோகிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். எதன்மேல் பொருத்திச் சோதித்த எண் அது? தடிப்பான தகட்டிலா, மெல்லிய தகட்டிலா? பர்லினுக்குள் இறங்கிய திருகாணியுடனா, தகட்டை மட்டும் பற்றிய திருகாணியுடனா? அது உடையும் எல்லையா, பாதுகாப்பாகச் சுமத்தக்க அளவா? இவை சொல்லப்படாவிட்டால், அந்த எண் தடுப்பானின் உலோகத்தைப் பற்றிய செய்தியே தவிர, உங்கள் கூரையைப் பற்றிய செய்தியன்று.

திருகாணியின் மரையை அளந்தால் இது இன்னும் தெளிவாகும். கூரைத் திருகாணியில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 2 மி.மீ. தகட்டின் தடிப்போ 0.4 மி.மீ. எனவே தகட்டை மட்டும் பற்றும் திருகாணியில் ஒரு புரிகூட முழுமையாகப் பிடிப்பதில்லை. மரப் பர்லினுக்குள் 25 மி.மீ. இறங்கினால் பத்துப் புரிகளுக்கு மேல் பிடிக்கும்.

பனி தடுப்பானைக் கீழ்நோக்கித் தள்ளுவதோடு நிற்பதில்லை, கவிழ்க்கவும் பார்க்கிறது. தகட்டுக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் 71 கிலோகிராம் தள்ளுகிறது என்றும், அடிப்பட்டையில் திருகாணிக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே 5 செ.மீ. என்றும் கொண்டால், நெம்புகோல் விதிப்படி மேற்புறத் திருகாணியைப் பிடுங்கும் விசையும் அதே 71 கிலோகிராம். தடுப்பான் உயரமாகவும் அடிப்பட்டை குறுகலாகவும் இருந்தால் பிடுங்கும் விசை இன்னும் கூடும். உயரமான தடுப்பான் அதிகப் பனியைப் பிடிக்கும் என்று புகழும் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை.

தகட்டின் பள்ளத்தில், பர்லின் இல்லாத இடத்தில், இரண்டு திருகாணிகளால் அறையப்படும் தடுப்பான்களை இக்காரணத்தால் ஒதுக்கிவிடலாம். முதலில் துளை நீள்வட்டமாகும், பிறகு நீர் இறங்கும். மழைநீர் ஓடும் வழியே பள்ளம்தான் என்பதால் சேதமும் அதிகம்.

மூன்றாம் கூற்று: “வாசலுக்கு மேல் மட்டும் வைத்தால் போதும்”

சிக்கனமாகத் தோன்றும் இந்த யோசனை, பனியைத் தனித்தனி மணல் துகள்போல் எண்ணுவதால் வருவது. இறுகிய பனி ஒரே பாளம். வாசலுக்கு மேலுள்ள ஒரு மீட்டரைத் தடுத்தால், அதன் இரு புறமுமுள்ள பனியும் பாளத்தோடு ஒட்டியிருப்பதால் தன் விசையின் ஒரு பகுதியை அந்த ஒரு மீட்டர்மேல் ஏற்றுகிறது. மூன்று தடுப்பான்கள் 237 கிலோகிராமுக்கு நின்றால் போதும் என்று நினைத்த இடத்தில் அதைவிடப் பல மடங்கு வரலாம். ஒன்று பிடுங்கிக்கொண்டால் அதன் சுமை அடுத்ததன்மேல் விழும். அதுவும் போனால் மூன்றாவதன்மேல். பிறகு கீழே வருவது வெறும் பனியன்று, உலோகத் துண்டுகள் கலந்த பனி.

எனவே தடுப்பு வரிசை இறவாரத்தின் நீளம் முழுவதும் ஓட வேண்டும். ஒரே வரிசையால் முடியாவிட்டால், சாய்வில் மேலே இரண்டாம் வரிசையும் மூன்றாம் வரிசையும் வைத்துச் சுமையைப் பங்கிட வேண்டும். சூத்திரத்தில் வரும் கிடைத்தூரம் அப்போது முகடு வரை இல்லாமல் அடுத்த வரிசை வரை என்றாகிவிடும். மிகக் கீழ்வரிசை, சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் இறவாரத்தின் நுனியில் அமையாமல் சுவருக்கு நேர் மேலே அமைவது நல்லது. கூரையைத் துளைத்து நிற்கும் புகைக்குழாய்களும் காற்றுக்குழாய்களும் சறுக்கும் பனியால் முறிவதுண்டு. அவற்றின் மேற்புறத்திலும் தடுப்பு வேண்டும்.

நான்காவது: சொல்லாமல் விடப்படுவது

இங்கே குறை கூறப்போவது எழுதியதை அல்ல, எழுதாமல் விட்டதை. வழுக்கும் கூரையில் பனி தானே சறுக்கி விழுந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில், அதன் வடிவமைப்புச் சுமையைக் குறைத்துக்கொள்ள அமெரிக்கச் சிவில் எஞ்சினியர் சங்கத்தின் 7-ஆம் எண் நெறி சாய்வுக்கு ஏற்ப இடம் தருகிறது. ஆனால் பனி தடையின்றிச் சறுக்க வழி இருந்தால்தான் அந்தச் சலுகை. ஐரோப்பிய நெறியும், 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த கூரைகளுக்குச் சுமைக் குணகத்தைப் படிப்படியாகக் குறைத்துவிட்டு, பனித் தடுப்பு இருந்தால் அதை 0.8-க்குக் கீழே குறைக்கக் கூடாது என்கிறது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பனி நில்லாது என்று நம்பி மெல்லிய சட்டங்களால் கட்டிய கூரையில், பின்னாளில் யாரோ தடுப்பான்களைப் பொருத்துகிறார். அவை நன்றாகவே வேலை செய்கின்றன. பனி நிற்கிறது. அடுத்த பனியும் அதன்மேல் நிற்கிறது. கூரைக்கு எதிர்பாராத சுமை ஏறுகிறது. தடுப்பான் தோற்றால் வாசலில் நிற்பவருக்கு ஆபத்து, வென்றால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து என்ற நிலை வரலாம். அத்துடன், பனியின் சறுக்குவிசை முழுவதும் ஓரிரு பர்லின்களில் குவிவதால், சரியான குறுக்குப் பிணைப்பு இல்லாத இசட் வடிவப் பர்லின்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிடக் கூடும். தடுப்பான் வாங்குமுன் கூரையின் சட்டங்களை ஓர் எஞ்சினியரிடம் காட்ட வேண்டும் என்ற ஒரு வரியையாவது முதல் பக்கத்தில் அச்சிட வேண்டியது விற்பவரின் கடமை.

எது தேறுகிறது?

குறைகளை மட்டும் சொல்லி விடுவது நியாயமன்று. இரண்டு முறைகள் கணக்குக்கு ஈடுகொடுக்கின்றன.

முதலாவது, பர்லினுக்கு நேர் மேலே அமர்ந்து, நீண்ட தடித்த திருகாணியால் தகட்டையும் கடந்து பர்லினையே பற்றும் தடுப்பான். பழைய திருகாணியைக் கழற்றி அதே துளையில் பெரிய திருகாணியை இறக்கினால் புதுத் துளையும் தேவையில்லை. தடுப்பானின் இடத்தை இங்கே பர்லின் முடிவு செய்கிறது. அழகான கோலத்தில் அடுக்க ஆசைப்பட்டுப் பர்லினை விட்டு விலகக் கூடாது.

இரண்டாவது, மேட்டு வரியின்மேல் சேணம்போல் அமர்ந்து, அதன் இரு பக்கச் சரிவுகளிலும் பல திருகாணிகளால் பிணைக்கப்படும் தாங்கிகள். இவற்றின்மேல் நீண்ட குழாயோ சட்டமோ வேலிபோல் ஓடும். திருகாணிகள் நீரோடும் பள்ளத்துக்கு மேலே இருப்பதும், விசை பெரும்பாலும் அவற்றைப் பிடுங்காமல் குறுக்கே தள்ளுவதும் இதன் சிறப்புகள். விசை தகட்டின் வழியாக அதை ஏற்கெனவே பிணைத்திருக்கும் பல திருகாணிகளுக்குப் பரவுகிறது. ஆனால் அந்தப் பழைய திருகாணிகள் உறுதியாக இருந்தால்தான் இது பலிக்கும். ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கிய கூரையில் திருகாணிகள் தளர்வதும் வாஷர் ரப்பர் வெடிப்பதும் வழக்கம். 6 மீட்டர் நீளத் தகடு 50 டிகிரி வெப்பநிலை மாற்றத்தில் 3.6 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. ஆகவே முதற் செலவு தடுப்பானுக்கு ஆகாமல், தளர்ந்த திருகாணிகளை மாற்றுவதற்கு ஆக வேண்டும்.

உலோகப் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டின்மேல் செம்பாலான தடுப்பானை வைத்தால், மழைநீர் இடையே நின்று மின்கலம்போல் செயல்பட்டுத் துத்தநாகத்தை அரித்துவிடும். கசிவை அடைக்க, வினிகர் வாடை வீசும் சிலிகோன் பசையையும் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமிலமும் துத்தநாகப் பூச்சைக் கெடுக்கும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. விற்பவர் யாரும் அதைச் சொல்லமாட்டார். தடுப்பானே வைக்காமல் விட்டுவிடுவது! கொட்டகையின் வாசலை இறவாரப் பக்கத்தில் வைக்காமல் முக்கோணச் சுவர்ப் பக்கத்தில் அமைத்து, பனி விழும் பக்கத்தில் ஆட்களும் வண்டிகளும் வராமல் வேலியிட்டுவிட்டால், கூரை தன் போக்கில் பனியை உதறிக்கொள்ளட்டும். புதிதாகக் கட்டுபவருக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இந்த ஊருக்கு உரிய பனிச்சுமை என்ன? சூத்திரப்படி மீட்டருக்கு வரும் விசை எவ்வளவு? விலைப்பட்டியலின் எண் என் தகட்டின் தடிப்பிலும், என் பர்லினிலும், இதே திருகாணியாலும் சோதித்துப் பெறப்பட்டதா? என் கூரையின் பழைய திருகாணிகள் உறுதியாக உள்ளனவா? பனி நின்றால் என் கூரைச் சட்டங்கள் தாங்குமா? இந்த ஐந்துக்கும் எண்களால் விடை சொல்லக்கூடிய விற்பனையாளரிடம் வாங்கலாம். முதற் கேள்வியிலேயே “கவலைப்படாதீர்கள், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்” என்று பேச்சை மாற்றுபவரிடம் வாங்க வேண்டாம்.

இமயமலைச் சாரலிலும் தகட்டுக் கூரைகள் உள்ளன. இந்தியத் தர நிறுவனத்தின் 875-ஆம் எண் நெறியின் நான்காம் பகுதி, 1987-இல் வெளியானது, பனிச்சுமைக்கென்றே எழுதப்பட்டது. அப்பகுதிகளில் கட்டடப் பணிக்குச் செல்லவிருக்கும் தொழில்நுட்ப மாணவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு, மேலே கண்ட கொட்டகைக் கணக்கை 25 டிகிரி சாய்வுக்கும் 45 டிகிரி சாய்வுக்கும் தாங்களே போட்டுப் பார்க்கட்டும். ஒரு தாளும் சைன் அட்டவணையும் இருந்தால் கால்மணி நேரத்தில் முடியும் வேலை அது.